ஆத்தாவிடம் கேட்பதும் ஆபீசில் கேட்பதும்

சித்திரை மாதக் கடைசியில், ராத்திரி பத்து மணிக்கு மேல் பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டோரமாக நின்றால் போதும். தேனிப் பக்கமிருந்து வீரபாண்டிக்கு நடந்து போகிற சனம் வரிசையாகக் கடந்து போகும். மஞ்சள் சேலை, இடுப்பில் செருகிய வேப்பிலை, கையில் தீச்சட்டி. முன்னால் உறுமிக்காரர், பின்னால் மெதுவாக ஊர்ந்து வரும் மினி வேனில் தண்ணீர்க் குடங்களும் தூங்கிப்போன பிள்ளைகளும். மற்ற நாட்களில் இந்தப் பேரூராட்சி தேனி நகரத்தின் தொடர்ச்சி போலத்தான் இருக்கும்: கல்யாண மண்டபம், ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க், கொஞ்சம் உள்ளே போனால் தென்னந்தோப்பு. கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் எட்டு நாளும் ரோடு அம்மனுக்குச் சொந்தம். லாரிகள் ஓரங்கட்டி நின்று வழிவிடுகின்றன.

மத நம்பிக்கைக்குப் பொதுவாழ்வில் இருந்த இடம் குறைந்துகொண்டே வருகிறது என்று யாராவது சொன்னால், இந்த ரோட்டைக் காட்டி அவரை மறுத்துவிடலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் நானும் ஒருவன். இந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகும் அதையேதான் சொல்கிறேன். கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. குறைந்தது வேறொன்று.

நீர்மோர்ப் பந்தலில் கால் ஆற நின்ற பெண்களிடம் என்ன நேர்ச்சை என்று கேட்டேன். ஒருத்திக்கு மகன் போலீஸ் செலக்‌ஷனில் தேற வேண்டும். இன்னொருத்தியின் பேத்திக்குக் கண்ணில் குறை. வீரபாண்டி கண்ணுக்கு விசேஷம்; பார்வை இழந்த பாண்டிய மன்னனுக்கு ஆத்தா பார்வை கொடுத்த இடம் என்பது ஊர் சொல்லும் வரலாறு. மூன்றாவது பெண் வீட்டுக் கடன் என்றார். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூத்தவரிடம், “ஊருக்காக யாரும் வேண்டிக்கிறதில்லையா ஆத்தா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஊருக்குன்னா அது அந்தக் காலம்யா. மழை இல்லைன்னா ஊரே சேந்து கேப்பாக. அம்மை போட்டா ஊரே காப்புக் கட்டும். இப்பத் தண்ணி வரலைன்னா பேரூராட்சி ஆபீசுல போயிக் கேட்டுக்கிறோம். ஆத்தாகிட்ட நம்ம வீட்டுக் குறையைச் சொல்லிக்கிறோம்.”

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். நம்பிக்கை தேய்ந்ததா வளர்ந்ததா என்று நம் ஊரில் நடக்கிற சண்டை எப்போதும் தலைக்கணக்கை வைத்தே நடக்கிறது. எத்தனை பேர் கோயிலுக்குப் போனார்கள், எத்தனை லட்சம் பேர் கிரிவலம் வந்தார்கள் என்று ஒரு தரப்பு கணக்குக் காட்டுகிறது. இதெல்லாம் வெறும் கூட்டம் என்று மறுதரப்பு ஒதுக்குகிறது. ஊருக்குப் பொதுவான காரியத்தில் சாமிக்கு இன்னும் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் மழை சாமியின் பொறுப்பு, கொள்ளைநோய் சாமியின் பொறுப்பு. வழக்கும் அங்கேதான் தீர்ந்தது: கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இந்த மூன்றும் கோயில் வாசலை விட்டுப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது வீட்டுக் குறை.

அம்மையை எடுத்துக்கொள்வோம். பெரியம்மை கண்ட வீட்டில் ‘ஆத்தா வந்திருக்கா’ என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, வெளியூர்ப் பயணம் நிறுத்தி, தெருவே அடங்கிக் கிடக்கும். அது ஒரு குடும்பத்தின் நோன்பாக இல்லை, ஊரே காத்த கட்டுப்பாடாக இருந்தது. 1970-களில் அரசாங்கம் அம்மை குத்துகிறவர்களை வீடு வீடாக அனுப்பியது. இந்தியாவில் தொற்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். 1980 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நோயே ஒழிந்தது என்று அறிவித்தது. மாரியின் மிகப் பெரிய பொதுப்பணி அதோடு முடிந்துவிட்டது. தீச்சட்டி மட்டும் தொடர்ந்தது.

2020-இல் கொரோனா வந்தபோது நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய ஊராக இருந்திருந்தால், ஒரு கொள்ளைநோய் வந்திருக்கும் நேரத்தில்தான் மாரிக்கு இரண்டு மடங்கு சிறப்பாகச் சாமி கும்பிட்டிருப்பார்கள். இப்போது நோயைக் காரணம் காட்டி நோய் தீர்க்கும் தெய்வத்தின் விழாவை அரசு நிறுத்துகிறது; சனமும் ஏற்றுக்கொள்கிறது. க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஊசிக்கு வரிசையில் நின்றார்கள், வீட்டு மாடத்தில் அம்மனுக்கு விளக்கேற்றினார்கள். யாரும் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. ஆனால் எது யாருடைய வேலை என்பதில் யாருக்கும் குழப்பமும் இல்லை. தமிழ்நாட்டில் மதத்தின் பொது இடம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. எந்த மேடையும் போடாமல், எந்தப் பிரச்சாரமும் இல்லாமல் நடந்த மாற்றம் இது.

நடப்பவர்களோடு நானும் வீரபாண்டி வரை நடந்தேன். விடியும் முன்னாலேயே முல்லையாற்றில் குளித்த ஈரத்தோடு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அத்திமரத்தின் முக்கொம்பை வெட்டி நட்ட கம்பம் அது, ஈசனாகவே பாவிக்கிறார்கள். ஆயிரங்கண் பானை சுமந்தவர்கள், உடம்பெல்லாம் சேறு பூசியவர்கள், முளைப்பாரிக்காரர்கள். அந்தத் தண்ணீர் ஊற்றலில் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் அந்த ஈரத் தரையில் நின்றபோது, இந்தப் பெண்களின் உறுதியை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

கோயிலைச் சுற்றியிருப்பது முழுக்க அரசாங்கம். அறநிலையத் துறை அலுவலகம், போலீஸ் கண்காணிப்பு, சுகாதாரத் துறை முகாம், சிறப்புப் பஸ். ராட்டினம் போடும் உரிமை எவ்வளவுக்கு ஏலம் போனது என்பது வருஷா வருஷம் பத்திரிகைச் செய்தி. 1817-இல் கம்பெனி ஆட்சி மதராஸ் மாகாணக் கோயில்களின் சொத்தை மேற்பார்வை பார்க்கச் சட்டம் போட்டது. 1863-இல் கிறித்தவ மிஷன்களின் எதிர்ப்புக்குப் பிறகு விலகிக்கொண்டது. 1925-இல் நீதிக்கட்சி ஆட்சி வாரியம் அமைத்து மறுபடி உள்ளே வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். கோயிலை அரசு நடத்தலாமா என்ற வழக்காடலுக்குள் நான் போகவில்லை. உண்டியல் எண்ணுவதை அதிகாரி பார்க்கிறார், கணக்கைத் தணிக்கை பார்க்கிறது. ஊர்ப் பெரியதனக்காரர் சொன்னதே கணக்கு என்றிருந்த நிலை போய்விட்டது. அதை நான் வரவேற்கிறேன்.

வரவேற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரிய காரணம். கிராமத்துச் சாமி கும்பிட்டுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வரி கொடுத்த வீடு ஊரைச் சேர்ந்தது. யாருடைய வரியை வாங்க மறுத்தார்களோ அவர்கள் ஊரைச் சேர்ந்தவர்கள் இல்லை. கொட்டு அடிக்கக் கூப்பிட்டார்கள், பந்தல்கால் ஊன்றக் கூப்பிட்டார்கள், வரி மட்டும் வாங்கவில்லை. ஊர் சேர்ந்து மழை கேட்ட காலம் என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறோமே, அந்த ‘ஊர்’ தெரு எல்லையோடு முடிந்துவிட்டது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துப் போனார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பிறகும் கிராமத்து மாரியம்மன், காளியம்மன் கோயில் வாசல்களில் சண்டை ஓயவில்லை. இன்றும் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் கலெக்டரும் போலீசும் வந்துதான் கதவு திறக்கிறது. ஆனால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு யாரும் நிற்கலாம். மனு வாங்கும் மேசை தலைக்கட்டு கேட்பதில்லை. அந்த மனுவுக்குப் பதில் வராமல் ஒரே ரசீதை மடித்து மடித்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வருகிற கிழவிகளையும் நான் பார்த்திருக்கிறேன். சாமி பதில் சொல்லாவிட்டால் நம் வினை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அரசாங்கம் பதில் சொல்லாவிட்டால் அப்படித் தேற்றிக்கொள்ளக் கூடாது, தேற்றிக்கொள்ளவும் முடியாது.

1967-இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லும் என்று ஆக்கியபோதும் இதே மாதிரியான மாற்றம்தான் நடந்தது. அதற்குப் பிறகும் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான கல்யாணங்களுக்கு அய்யர் வருகிறார், தீ வளர்க்கிறார். ஆனால் அவர் வராவிட்டாலும் கல்யாணம் கல்யாணமே. கட்டாயம் போய், விருப்பம் மிஞ்சியது.

வீரபாண்டியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் முல்லையாறு கூடவே வருகிறது. இரண்டு பக்கமும் வயல், தென்னை, வாழை. அதற்கு மேலே மலை. சின்னமனூரை வேகமாகக் கடந்தேன். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் ராஜசிம்மன் நிலம் தானம் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளால் பெயர்பெற்ற ஊர் அது. அரசனின் கொடை, வரி, நீர்ப்பாசனம் எல்லாமே மதத்தின் வழியாக ஓடிய காலம்.

உத்தமபாளையத்தில் இறங்கிவிட்டேன். ஊரை ஒட்டிய பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் வட்டெழுத்து. மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளில் எல்லாம் காணக் கிடைக்கும் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் இங்கேயும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே பள்ளி இருந்தது, மாணவர் இருந்தார்கள், விளக்கெரிக்கக் கொடை வந்தது. அந்த மதம் இந்தப் பள்ளத்தாக்கின் பொதுவாழ்வில் இடம் பிடித்திருந்தது. இன்று அதைக் கும்பிடுகிறவர் உள்ளூரில் இல்லை. பாறை கருப்பண்ணசாமி பாறை என்றே வழங்குகிறது. கருப்பனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். சிலைகளைப் பாதுகாப்பது தொல்லியல் துறை. முனிவர், காவல்தெய்வம், சர்க்கார் என மூன்று பேர் ஒரே பாறையில் அடுத்தடுத்து வந்திருக்கிறார்கள். நம்பிக்கை பொது இடத்திலிருந்து இறங்குவது நம் காலத்தின் புதுமை என்று நினைக்கிறவர்கள் இந்தப் பாறையை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அதே ஊரில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்தராவுத்தர் ஹௌதியா கல்லூரி இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனையோ வீடுகளில் அங்கே படித்தவர்கள். மறவர், கவுண்டர், பள்ளர், பறையர், ராவுத்தர் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு முஸ்லிம் பெரியவர் தன் மார்க்கம் சொன்ன தர்மத்தைச் செய்தார். பலன் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நம்பிக்கை பொதுவாழ்வில் இருந்த விதங்களில் இது ஒன்றுக்காக மட்டும் நான் மனதார வருந்துகிறேன். அந்த மாதிரிக் கொடை இப்போது அருகிவிட்டது. கட்டணக் கல்லூரி கட்டுகிறார்கள். அன்னதானப் பந்தலிலும் அம்மன் படத்தைவிடப் பெரிதாகத் தலைவர் படம். திருவிழா ஃப்ளெக்ஸில் சாதிக்கொரு நிறம், சாதிக்கொரு தலைவர். சாமி காலிசெய்த பொது இடத்தில் இவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பக்தை ஏந்தி வரும் தீச்சட்டியை நான் வணங்குவேன். அவளுக்குப் பின்னால் வரும் சாதிக்கொடியை வணங்க மாட்டேன்.

கம்பத்தில் டீ குடிக்கும்போது பக்கத்து பெஞ்சில் ஒரு விவசாயி பேப்பரை விரித்ததும் முதலில் பார்த்தது அணை நிலவரம். “எத்தனை அடிண்ணே?” என்று கடைக்காரர் அடுப்படியிலிருந்து கேட்கிறார். முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் இங்கே பஞ்சாங்கத்தைவிட முக்கியம். மழைக்குக் கொடும்பாவி கட்டி இழுத்ததும், பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு வாங்கியதும் வயசானவர்கள் சொல்லித்தான் இந்தத் தலைமுறைக்குத் தெரியும். ஜூன் முதல் தேதி தேக்கடி மதகு திறக்குமா என்பதே இப்போதைய கேள்வி. முதல் போகம் 14,707 ஏக்கர் அதை நம்பி நிற்கிறது. திறக்கும்போது அதிகாரிகள் தண்ணீரில் பூத்தூவுகிறார்கள்.

2011 டிசம்பரில் கேரளத்தில் அணைக்கு ஆபத்து என்ற பேச்சு எழுந்தபோது, கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் குமுளி எல்லையை நோக்கிச் சனம் ஆயிரம் ஆயிரமாகக் கிளம்பியது. கட்சி கூப்பிடவில்லை, கோயில் கூப்பிடவில்லை. 144 தடையுத்தரவு போட்டும் நடந்தார்கள். ராயப்பன்பட்டிக் கிறித்தவரும் உத்தமபாளையம் முஸ்லிமும் கவுண்டரும் தேவரும் தலித்தும் ஒரே ரோட்டில். வரி வாங்க மறுக்க அங்கே ஆள் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்து ஒன்றைக் கேட்டது என்றால், என் அறிவில் அது அந்த மாதம்தான். கேட்டது அரசாங்கத்தையும் நீதிமன்றத்தையும். 2014 மே மாதம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று இங்கே வெடி வெடித்தார்கள்.

லோயர் கேம்ப் நினைவு மண்டபத்தில் ஜான் பென்னிகுயிக் நிற்கிறார். 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்த இன்ஜினியர். தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் கொடுத்தவர். 1887-இல் தொடங்கிய வேலை, காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் கூலிகளைப் பலி கொடுத்து, 1895 அக்டோபரில் முடிந்தது. தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். பணம் மதராஸ் அரசாங்கத்தினுடையது என்று ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். கதையை நம்புகிறவர்களுக்கு அந்த மறுப்பு பொருட்டே இல்லை. தைப்பொங்கலோடு அவர் பிறந்தநாளும் வருவதால் அவருக்கென்று பொங்கல் வைக்கிறார்கள். கடைகளில், வீடுகளில் முருகன் படத்துக்கு அருகே மீசை வைத்த அந்த வெள்ளைக்காரர் படத்துக்கும் மாலை.

அவர் கல்லறை இருக்கும் இங்கிலாந்தில் கணக்கு வேறு மாதிரிப் போகிறது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 46.2 விழுக்காடு, முதன்முறையாகப் பாதிக்கும் கீழே. மதம் இல்லை என்றவர்கள் 37.2 விழுக்காடு. அங்கே ஆட்கள் நம்பிக்கையை விட்டு விலகுகிறார்கள், அது கணக்கெடுப்பில் தெரிகிறது. இங்கே ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். பொதுக் காரியம் மட்டும் சாமியின் கையிலிருந்து மாறிவிட்டது. எந்தக் கணக்கெடுப்பிலும் அது வராது. அணைக்கு நன்றி சொல்ல வேண்டியபோது இந்தச் சனத்துக்குத் தெரிந்த முறை பொங்கலும் மாலையும்தான். அந்த முறையில் ஒரு இன்ஜினியருக்கு நன்றி சொல்கிறார்கள்.

நான் நடந்த அந்த வருஷம் சித்திரா பௌர்ணமியும் வீரபாண்டித் திருவிழாவுக்குள்ளேயே வந்தது. விடியற்காலை பளியன்குடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து காட்டுப்பாதையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் ஒரே ஒரு நாள் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு கலெக்டர்களும் முன்கூட்டியே கூடிப் பேசி விதி வகுக்கிறார்கள்: எத்தனை மணிக்கு ஏறலாம், எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், என்ன கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டிக் பையை வனத்துறைக்காரர் பிடுங்கி வைத்துக்கொண்டு துணிப்பை இருக்கிறதா என்று கேட்கிறார். கும்பிடப் போகும் நேரத்தைக்கூட இரண்டு மாநில அரசுகள் தீர்மானிக்கின்றன. புலிகள் காப்பகத்துக்குள் அது சரியென்றே படுகிறது.

சரிவில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் கண்ணகியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷனைக் கொன்ற தீர்ப்பை ஏற்காமல் நேராக அரசவைக்குப் போனவள் அவள். கையில் ஆதாரத்தோடு போனாள், சிலம்பை உடைத்து உள்ளே இருந்த மாணிக்கப் பரலைக் காட்டினாள். அரசன் தன் தப்பை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகே அவளைத் தெய்வமென்றார்கள். கோயிலில் கேட்பதையும் ஆபீசில் கேட்பதையும் இவ்வளவு நேரம் எதிரெதிராக வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். இந்தப் பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கிற தெய்வம் அரசாங்கத்திடம் கேள்வி கேட்டதால் தெய்வமானவள்.

மேலே இடிந்த கல் மண்டபங்களுக்கு நடுவே இரண்டு மொழியிலும் மைக் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் கயிறும் வளையலும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்த கூடலூர்க்காரர்கள் பாதையோரத்தில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பளியன்குடியிலிருந்து ரோடு வேண்டும், ஒரு நாள் என்பதைக் கூட்டித் தர வேண்டும். “ரோடு போட்டா காடு போயிருமே அண்ணே?” என்றேன்.

“அதையும் எழுதுங்க தம்பி. அடியில எடம் விட்டிருக்கோம்” என்று அவர்களில் ஒருவர் பேனாவை நீட்டினார்.